டானிக் இருக்கட்டும், அந்தச் சேவலைப் பிடியுங்கள்

கேள்வி: சிறுவிடை ரக நாட்டுக்கோழியில் 8 பெட்டைகள் வளர்க்கிறேன். 12, 13 முட்டை வைத்ததும் ஒவ்வொன்றும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. தண்ணீரில் முக்கினேன், மூக்கில் இறகு செருகினேன், கேட்கவில்லை. மருந்துக் கடையில் ஒரு டானிக்கைக் காட்டி, வருஷம் முழுக்க முட்டை வரும் என்கிறார்கள். முட்டை கூடும் என்று வியாபாரி சொன்னதால் போன மாதம் சந்தையில் பெரிய சேவல் ஒன்றும் வாங்கி விட்டிருக்கிறேன். டானிக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, வேடசந்தூர்

பதில்: வேண்டாம் அம்மா. அடை உட்காருவது சிறுவிடையின் பிறவிக் குணம். அதை மாற்றுகிற டானிக்கை நான் இதுவரை பார்த்ததில்லை. கடைக்காரருக்குப் பாட்டில் போனால் சரி.

முட்டை வைக்க 15, 20 நாள், அடை 21 நாள், குஞ்சோடு திரிய 2 மாதம். ஒரு சுற்றுக்கே 100 நாள் ஓடிவிடுகிறது. எட்டும் உட்கார வேண்டியதில்லையே! நல்ல தாய்க்கோழி இரண்டை மட்டும் அடை வையுங்கள். மற்றவற்றை உட்கார்ந்த அன்றே பிடித்து, அடியில் கம்பிவலை போட்ட கூண்டில், காற்றும் வெளிச்சமும் வரும் இடத்தில் 3, 4 நாள் விடுங்கள். தீவனமும் தண்ணீரும் குறையக் கூடாது. வயிற்றுச் சூடு தணிந்தால் அடை கலையும். முக்குவதும் இறகு செருகுவதும் வதைதான், வைத்தியமில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய சேவல்தான் எனக்குக் கவலை. சந்தைக் கூடையில் ‘நாட்டுச் சேவல்’ என்று விற்பதில் பலவும் வனராஜா, கிரிராஜா என்கிற பண்ணை ரகங்களின் கலப்பு. அவை மட்டமான கோழிகள் என்று சொல்லமாட்டேன், முட்டையும் கூட வைக்கும். ஆனால் அந்த ரத்தம் ஏற ஏற அடை காக்கும் குணம் போய்விடும். பிறகு குஞ்சுக்கு அதே வியாபாரியிடம்தான் போய் நிற்பீர்கள். சேவலைப் பிரித்த பிறகும் 3 வாரத்து முட்டையைச் சாப்பிடுங்கள், அடை வைக்காதீர்கள். சேவலின் வித்து அதுவரை பெட்டைக்குள் தங்கியிருக்கும். பக்கத்து ஊரில் தெரிந்த வீட்டுச் சிறுவிடைச் சேவலாகப் பாருங்கள். அதையும் 3 வாரம் தனியே வைத்த பிறகே கூட்டத்தில் விடவேண்டும். கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் சந்தைக் கூடையில் மட்டும் வருவதல்ல. தடுப்பூசி போட்டீர்களா என்று நீங்கள் எழுதவே இல்லை!

டானிக் காசுக்கு, குஞ்சுகளுக்குக் கரையான் பிடிக்க ஒரு மண்பானை வாங்குங்கள். இதை நான் சொல்லாத ஆள் இல்லை. காய்ந்த சாணம், கிழிந்த சாக்கு, ஓலைத் துண்டு மூன்றையும் பானையில் திணித்துத் தண்ணீர் தெளியுங்கள். சாயங்காலம் கரையான் மண் உள்ள இடத்தில் கவிழ்த்து வைத்தால், விடியும்போது சாக்கு மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாய் நெளியும். தட்டிவிட்டால் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடிவரும். வெயில் ஏறுமுன் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கரையான் மண்ணுக்குள் இறங்கிவிடும். கரையானுக்கு மருந்து ஊற்றிய இடத்தின் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

சந்தைச் சேவலை இன்றைக்கே பிடியுங்கள். கொடுத்த காசுக்குக் குழம்பாவது ருசிக்கட்டும்.