டீமில் யாரும் வாய் திறக்கவில்லையா?

கேள்வி: ஐ.டி. நிறுவனத்தில் டீம் லீடராக இருக்கிறேன். மீட்டிங்கில் கருத்துக் கேட்டால் எல்லோரும் மௌனம், சொதப்பிய பிறகு மட்டும் 'அப்பவே நினைச்சேன்' என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கிறது, ஆனால் உங்களிடம் சொல்லத் தோன்றவில்லை, கவலைப்பட வேண்டியது அதற்குத்தான். 1977 மார்ச் 27 அன்று ஸ்பெயினைச் சேர்ந்த டெனெரீஃப் தீவின் விமான நிலையத்தில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். மேலெழும்ப ஓடிக்கொண்டிருந்த கே.எல்.எம். (நெதர்லாந்து நிறுவனம்) விமானத்தின் பொறியாளர், எதிரே உள்ள விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று சந்தேகத்தோடு கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அடித்துச் சொன்னதும் பொறியாளர் அதற்கு மேல் பேசவில்லை. இத்தனைக்கும் அந்த கேப்டன் மற்ற விமானிகளுக்கே பயிற்சி கொடுத்தவர்! இப்படிப்பட்ட விபத்துகளுக்கு அப்புறம்தான், இளையவர் தயங்காமல் எச்சரிக்கவும் கேப்டன் காதுகொடுத்துக் கேட்கவும் தனிப் பயிற்சியே வந்தது.

சரி, உங்கள் விஷயம். கருத்துக் கேட்கும் முன்பே உங்கள் முடிவைச் சொல்லிவிடுகிறீர்களா? கடைசியாகப் பேசுங்கள். 'ஏதாவது சொல்லணுமா' என்று பொதுவாகக் கேட்காமல், 'இந்த ரிலீஸில் எங்கே சிக்கல் வரும்' என்று ஒவ்வொருவரிடமும், முடிந்தால் தனியாக, கேளுங்கள். அப்புறம், முதலில் துணிந்து குறை சொல்பவரை எல்லோர் முன்னாலும் பாராட்டுங்கள், அவர் சொன்னது சரியென்றால் ரிலீஸ் தேதியையே தள்ளிப்போட வேண்டி வந்தாலும் தள்ளிப்போடுங்கள்.