பச்சை மாத்திரை: கேட்டவர்களுக்கு அண்ணாச்சியின் பதில்

பாளையங்கோட்டையில் மருந்துக் கடைக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் நான். பச்சை மாத்திரை என்று எல்லோரும் கேட்டு வாங்கும் வைட்டமின் ஈ பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மேலப்பாளையம் தங்கை: முடி கொட்டுது அண்ணாச்சி. 400 போட்டு ரெண்டு மாசமாச்சு, தொடரலாமா?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள். டோகோபெரில் அசிடேட் 400 மில்லிகிராம் என்றிருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 15. நம் கடைகளில் விற்பது பெரும்பாலும் செயற்கை ரகம். அதில் உடம்புக்கு உதவுவது 180 போலத்தான். அப்போதும் 12 நாள் சத்து ஒரே விழுங்கில் போகிறது. வைட்டமின் சி மிஞ்சினால் சிறுநீரில் போய்விடும். இது எண்ணெயில் கரைவது, கொழுப்பில் போய்த் தங்கும். நிறுத்திவிட்டு ரத்தசோகை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துப் பாருங்கள். முடி கொட்டுவதற்கு அவைதான் அடிக்கடி காரணம்.

அம்பாசமுத்திரம்: மாமாவுக்கு இதய ரத்தக்குழாயில ஸ்டென்ட் வச்சிருக்கு. தெம்புக்குக் கொடுக்கலாமா?

டாக்டர் சொல்லாமல் கொடுக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு ரத்தம் உறைவது ஏற்கெனவே மட்டுப்பட்டிருக்கும். வைட்டமின் ஈ அதிக அளவில் போனால் அதுவும் உறைதலைத் தடுக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மருந்து என்றால் இன்னும் கவனம் வேண்டும், ரத்தத்தை உறையவைக்க வைட்டமின் கே செய்கிற வேலையையே வைட்டமின் ஈ கெடுக்கும். பல் தேய்க்கையில் ரத்தம், காரணமில்லாமல் தோல் நீலமாகக் கன்றுவது, கறுத்த மலம் தெரிந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்.

ரிட்டயர்டு வாத்தியார், வள்ளியூர்: சத்து மாத்திரைதானே, தினம் ஒன்று போட்டால் என்ன?

சார், நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்துக் கொடுத்தேன். அமெரிக்கா, கனடாப் பக்கம் 35,000 ஆண்களுக்கு மேல் சேர்த்து நடந்த பெரிய ஆய்வில் தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ (நம் 400 மாத்திரை ஒன்றின் அளவு) சாப்பிட்டவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது. 2011இல் வந்த முடிவு. காரணமில்லாமல் போட வேண்டாம் என்பதுதான் என் பதில்.

டவுன்: மாத்திரையை ஊக்கால குத்தி எண்ணெயை முகத்துல தடவலாமா?

நிறையப் பேர் செய்கிறார்கள். பிசுபிசுவென்று வரும் அந்த எண்ணெய் சிலருக்கு அரிப்பையும் தடிப்பையும் கொண்டுவரும். தழும்பு மறைவதற்கும் நல்ல ஆதாரமில்லை. ஆசையாக இருந்தால் முழங்கை மடிப்பில் தடவி இரண்டு நாள் பாருங்கள்.

முக்கூடல்: மாத்திரை வேண்டாம்னா எதைச் சாப்பிட?

ஒரு மேசைக்கரண்டி சூரியகாந்தி எண்ணெயில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஒரு கைப்பிடி பாதாமில் 7, நிலக்கடலையில் 2 சொச்சம். நம் நல்லெண்ணெயில் இருப்பது பெரும்பாலும் வைட்டமின் ஈயில் காமா என்ற வகை, ஈரல் பிடித்து வைத்துக்கொள்வதோ ஆல்ஃபா வகையை. தேங்காயிலும் சொற்பம்தான், தேங்காய்ப்பால் சொதி ருசிக்கு, இந்தக் கணக்குக்கு இல்லை.

பேட்டை: ஈரலில் கொழுப்புன்னு டாக்டரே எழுதிக் கொடுத்திருக்கார்.

அது வேறு சங்கதி. சர்க்கரை நோய் இல்லாத சிலருக்கு, ஈரல் வீக்கம் உறுதியானால், தினம் 800 யூனிட் வரைக்கும் கொடுப்பதுண்டு. அவர் சொன்ன அளவு, சொன்ன காலம் மட்டும். சாப்பாட்டோடு போடுங்கள், வெறும் வயிற்றில் சரியாகச் சேராது.

அதே பேட்டை: அடுத்த மாசம் ஹெர்னியா ஆபரேஷன், சொல்லணுமா?

கண்டிப்பாக. எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் சொல்வார்கள். அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள், "அந்தப் பச்சை மாத்திரை" என்றால் ஒருத்தருக்கும் விளங்காது.