ஃபிராங்க்கை மறப்பது – கடிதம்

அன்புள்ள ஐயா,

டயானா கபால்டனின் 'அவுட்லேண்டர்' முதல் நாவலைப் போன மாதம் படித்து முடித்தேன். அந்தச் சூட்டோடு தொலைக்காட்சித் தொடரையும் பார்க்கத் தொடங்கி, எட்டாவது பகுதியில் நிறுத்திவிட்டேன். கிளேரும் ஜேமியும் நெருங்கி வரும் நேரத்தில் கதையை அறுத்து, 1945இல் அவள் கணவன் ஃபிராங்க் தேடி அலைவதைக் காட்டுகிறார்கள். நாவலில் அப்படி எதுவுமே கிடையாது. படிக்கும்போது இருந்த மயக்கம் போய்விட்டது. நாவலை அப்படியே எடுத்தால் என்ன? இந்த மாதிரிக் கதைகளில் முதலில் புத்தகமா, தொடரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

மயக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது நாவலில் எப்படி உண்டானது என்று பார்த்தாலே உங்கள் முதல் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

1991இல் வந்த அந்த நாவல் கிளேர் தன் வாயால் சொல்லும் கதை. போரில் செவிலியாக இருந்தவள், கணவனோடு ஸ்காட்லாந்துக்கு வந்த இடத்தில் ஒரு கல்வட்டத்தின் வழியாக 1743இல் போய் விழுகிறாள். அதன்பின் அவள் கண்ணுக்குப் பட்டதுதான் நமக்கும். முதலில் ஃபிராங்க்கை அடிக்கடி நினைக்கிறாள். அப்புறம் காயங்கள், மூலிகைகள், குதிரைப் பயணம், குளிர் என்று அன்றாடம் அவளை இழுத்துக்கொள்கிறது. அவள் மறக்க மறக்க நாமும் மறக்கிறோம். ஸ்காட்லாந்துக்காரன் ஜேமியோடு வேறு வழியில்லாமல் நடந்த கல்யாணம் காதலாக மாறும்போது நமக்கு உறுத்தாமல் போவது இதனால்தான். ஒரு நல்ல கணவனை வாசகர் நெஞ்சிலிருந்து ஓசைப்படாமல் நகர்த்திவிடுகிறார் கபால்டன். பெரிய கைத்திறன் அது.

திரையில் இது நடக்காது. ஒரு சின்ன விஷயத்தைப் பாருங்கள். ஆங்கிலேயப் படையின் ஜாக் ராண்டல் ஃபிராங்க்கின் மூதாதை, அவன் சாயலில் இருப்பவன். நாவலில் அவனைப் பார்த்ததும் கிளேர் திடுக்கிடுகிறாள். ஆனால் எழுத்து நினைவூட்டினால்தான் அந்தச் சாயல் நம் நினைவுக்கு வரும். மற்ற நேரமெல்லாம் ராண்டல் வெறும் ராண்டல். 2014இல் ரொனால்ட் டி. மூர் உருவாக்கிய தொடரில் இரண்டு வேடத்தையும் டோபியாஸ் மென்ஸீஸ் செய்கிறார். ராண்டல் வரும் ஒவ்வொரு ஷாட்டிலும் ஃபிராங்க்கின் முகம் இருக்கிறது. எப்படி மறப்பது? மறக்க முடியாத ஆளுக்கு அவனுக்கென்று ஒரு வாழ்க்கையைக் கொடுப்பதுதான் நேர்மை.

நீங்கள் நிறுத்திய பகுதி அதைத்தான் செய்கிறது. ஃபிராங்க் அந்தக் கற்களுக்கு நடுவில் நின்று அழுது, மனைவியின் பெயரைக் கூவுகிறான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அவள் அதே குன்றில் அவன் பெயரைக் கூவிக்கொண்டு ஓடி வருகிறாள். கற்களைத் தொடுவதற்குள் சிப்பாய்கள் பிடித்துவிடுகிறார்கள். கிளேர் சொல்லும் நாவலில் இப்படி ஒரு காட்சியை வைக்க இடமே இல்லை. இதைப் பார்த்துவிட்ட பிறகு, அவள் ஜேமியோடு தங்கிவிடுவதை முன்போல நிம்மதியாகப் பார்க்க முடியாது. அந்தக் காதலுக்கு இன்னொருவன் என்ன விலை கொடுத்தான் என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் மயக்கம் கலைந்தது நிஜம். ஆனால் கலைக்கத்தான் அப்படி எடுத்திருக்கிறார்கள். எனக்கு அது நாவலைவிடக் கனமான காதலாகத் தெரிகிறது.

நாவலின் அந்த ஒற்றைப் பார்வையைத் தொடர் அழகாகக் காப்பாற்றிய இடமும் உண்டு. முதல் சீசனில் ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்காரர்கள் தங்களுக்குள் தங்கள் கேலிக் மொழியில் பேசும்போது சப்டைட்டில் போடவில்லை. கிளேரைப் போலவே நாமும் முகத்தையும் குரலையும் வைத்து ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவள் எண்ணங்களைப் பின்னணிக் குரலில் வாசித்துக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

தொடர் சறுக்குவது அடுத்த பகுதியில். ஜேமி கிளேரை பெல்ட்டால் அடிக்கும் இடம். நாவலில் அந்த அவமானமும் ஆத்திரமும் அடிபட்டவளின் சொற்களிலேயே வருகின்றன. அதனால்தான் அந்தப் பக்கங்களைத் தாண்ட முடிகிறது. தொடரில் ஒன்பதாம் பகுதிக்குக் கதைசொல்லி ஜேமி. போதாததற்கு, அந்த அடிக்குத் துள்ளலான ஓர் இசை வேறு. சொல்லும் ஆளை மாற்றும் உரிமை தொடருக்கு உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வலித்தவளிடமிருந்து கதையைப் பிடுங்கி அடித்தவன் கையில் கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. நாவலை விட்டு விலகியதற்காகத் தொடரைக் கோபித்துக்கொள்வதென்றால் நான் இங்கேதான் கோபித்துக்கொள்வேன்.

மற்ற தொடர்களிலும் நான் முதலில் பார்ப்பது இதையே: நமக்கு எதை எப்போது தெரியவிடுகிறார்கள்? 'பிரிட்ஜர்ட்டன்' படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம். ஜூலியா க்வின்னின் அந்தக் காதல் நாவல் வரிசையில் விசில்டவுன் சீமாட்டி என்ற பெயரில் வம்பு எழுதுவது பெனலப்பி என்பது 2002இல் வந்த நான்காம் நாவலில்தான் வெளியாகும். 2020இல் வந்த தொடர் முதல் சீசன் முடிவிலேயே சொல்லிவிடுகிறது. புதிர் போயிற்று என்று பலருக்கு வருத்தம். எனக்கு இல்லை. நடனக் கூடத்தின் ஓரத்தில் யாரும் கண்டுகொள்ளாமல் நிற்கும் பெண் ஊரையே ஆட்டிவைப்பவள் என்று தெரிந்துகொண்டே பார்க்கும்போது, அவள் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடிவதில்லை.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முதல் சீசனின் ஐந்தாம் பகுதியில் அரசன் ராபர்ட்டும் அவன் மனைவி செர்சியும் தனியாக உட்கார்ந்து பேசும் காட்சியையும் சொல்ல வேண்டும். நமக்குள் எப்போதாவது ஏதாவது சாத்தியமாக இருந்ததா என்று அவள் கேட்கிறாள், இல்லை என்கிறான். அந்தத் தொடருக்கு மூலமான ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் வரிசையில் முதல் நாவல் ஒவ்வொரு அத்தியாயத்தையும் ஒரு பாத்திரத்தின் கண் வழியாகச் சொல்கிறது. அப்படிக் கண் தரும் பாத்திரங்களில் இவர்கள் இருவருமே இல்லை. எனவே இவர்கள் மட்டும் இருக்கும் அறைக்குள் நாவல் நுழையவே முடியாது. அப்படியே எடுத்திருந்தால் இந்தக் காட்சி நமக்குக் கிடைத்திருக்காது.

சரி, எதை முதலில் என்ற கேள்விக்கு வருகிறேன். 'அவுட்லேண்டர்' என்றால் புத்தகம்தான் முதலில். மயங்கிவிட்டுத் தெளிவது நடக்கும். தெளிந்தபின் மயங்குவது கஷ்டம். 'பிரிட்ஜர்ட்டன்' எந்த வரிசையிலும் நஷ்டமில்லை. மார்ட்டினுடையதில் ஐந்தாம் தொகுதி 2011இல் வந்தது, அதில் கதை முடியவில்லை. தொடர் தன் வழியில் போய் 2019இல் முடித்துவிட்டது. முடிவு தெரிந்தே ஆக வேண்டும் என்பவர் தொடருக்குப் போகட்டும். நீங்கள் எட்டாம் பகுதியை மறுபடி முதலிலிருந்து போடுங்கள். ஃபிராங்க்கை ஒருமுறை அவன் பக்கமிருந்து பாருங்கள்.

அன்புடன்.