காங்கேயம் மாட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: தாராபுரம் பக்கம் 5 ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு, இருக்கிறது. போர்வெல் மோட்டார் நாளைக்கு அரை மணி நேரம் ஓடினால் அதிகம். இரண்டு காங்கேயம் பசுக்கள், ஒவ்வொன்றும் நாளைக்கு இரண்டரை லிட்டர் கறக்கும். விற்றுவிட்டு ஜெர்சி கலப்பினம் பிடிக்கலாம் என்கிறான் மகன். நாட்டு மாட்டைக் காப்பாற்றச் சொல்கிறார்கள், அதில் எனக்கு என்ன வரும்?

பதில்: பாலை மட்டும் பார்த்தால் உங்கள் மகன் சொல்வது சரிதான். காங்கேயம் ஏருக்கும் வண்டிக்கும் வளர்ந்த இனம். கன்று முட்டாமல் பால் சுரக்காது, சுரப்பதிலும் பாதி கன்றுக்குப் போகும்.

ஆனால் கலப்பின மாடு நாளைக்குக் கறக்கும் 10 லிட்டர் சும்மா வராது. லிட்டர் 35 ரூபாய் என்று வைத்தால் வரவு 350. உடம்பைத் தாங்க ஒன்றரை கிலோ, கறக்கும் ஒவ்வொரு இரண்டரை லிட்டருக்கும் ஒரு கிலோ என்று அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியக் கலவை) மட்டும் ஐந்தரை கிலோ போட வேண்டும். கிலோ 30 ரூபாய் என்றால் 165 அங்கேயே போயிற்று. அப்புறம் தினம் 20 கிலோவுக்குக் குறையாமல் பசுந்தீவனம். அரை மணி நேரத் தண்ணீரில் கோ-4 தீவனப் புல்லை எங்கே வளர்ப்பீர்கள்? விலைக்கு வாங்கினால் மிச்சம் என்று பெரிதாக எதுவும் நிற்காது. பால் வற்றிய மாதங்களிலும் அது தின்னும்.

உங்கள் கொறங்காட்டைப் பாருங்கள். கொழுக்கட்டைப்புல், வெள்வேல் மரம், சுற்றிக் கிளுவை வேலி. கோடையில் உதிரும் வெள்வேல் நெற்றே தீவனம். வேலி இருப்பதால் மேய்க்க ஆள் தேவையில்லை. காங்கேயம் இந்தக் காட்டிலேயே உருவான மாடு. இதைப் போன்ற திமில் மாடுகளுக்கு வியர்வைச் சுரப்பிகள் அதிகம், உடம்புக்குள் உண்டாகும் சூடு குறைவு. சித்திரை வெயிலில் கலப்பினம் இரைக்கும், தீனி குறையும், பருவ அறிகுறி சரியாகத் தெரியாது, சினை தங்காது. உண்ணி மூலம் வரும் தைலேரியா காய்ச்சலும் அதைத்தான் கடுமையாகத் தாக்கும்.

இனம் அழியாமல் இருப்பதில் யாருக்கு என்ன பயன் என்பதற்கு ஒரு கதை சொல்கிறேன். 1962-ல் அமெரிக்காவில் பிறந்த ஹோல்ஸ்டீன் காளை ஒன்றின் பெயர் சீஃப். அதன் மகள்கள் பால் கொட்டியதால் உலகம் முழுக்க அதன் விந்தைப் பயன்படுத்தினார்கள். அதன் மரபணுவில் ஒளிந்திருந்த ஒரு குறையால் சுமார் 5 லட்சம் கருக்கள் கலைந்தன என்று பின்னால் கண்டுபிடித்தார்கள். ஒரே ரத்தத்தை நம்பினால் இதுதான் ஆபத்து. நம் ஓங்கோல் மாட்டைக் கொண்டுபோன பிரேசில்காரர்கள் அதிலிருந்து நெல்லோர் இனத்தை உருவாக்கினார்கள். இன்று அந்நாட்டு இறைச்சி மாடுகளில் பெரும்பாலானவை அந்த வழிதான். வெப்பம் தாங்கும் குணத்துக்கு அவர்கள் விலை வைத்துவிட்டார்கள். இந்தியாவிலோ 2012-க்கும் 2019-க்கும் இடையில் நாட்டு மாடுகள் 6 சதவீதம் குறைந்துவிட்டன.

ஏ2 பால் என்று பாட்டிலில் ஊற்றி நல்ல விலைக்கு விற்கலாம் என்று யாராவது சொன்னால் நிதானமாக இருங்கள். ஏ2 என்பது பாலில் உள்ள ஒரு புரதத்தின் வகை. நாட்டு மாடுகளின் பால் பெரும்பாலும் ஏ2 வகைதான், மறுக்கவில்லை. அது நோய் தீர்க்கும் என்பதற்குத்தான் உறுதியான சான்று இல்லை. அந்த நம்பிக்கையில் கடன் வாங்க வேண்டாம்.

உங்களுக்கு வருமானம் கன்றில்தான் இருக்கிறது. இரண்டு பசுக்களுக்கும் காங்கேயம் காளையோ காங்கேயம் விந்து ஊசியோ மட்டும்தான். ஜெர்சி ஊசி ஒரு முறை போட்டாலும் அந்த ஈத்துக் கன்றுக்கு இன விலை கிடைக்காது. ஒரு காளையின் மகளை அதே காளைக்குச் சேர்க்காதீர்கள். எந்தத் தேதி, எந்தக் காளை என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள், வாங்க வருபவரிடம் அதைக் காட்டலாம். கன்று செவலையாகப் பிறந்ததே என்று பயப்பட வேண்டாம், ஆறு மாதத்தில் மயிலை (சாம்பல்) நிறத்துக்குத் திரும்பும்.

வீட்டுச் செலவுக்குத் தினசரி பால் பணம் வேண்டும் என்றால் கலப்பினம் ஒன்றே ஒன்று பிடியுங்கள், அதுவும் பசுந்தீவனத்துக்கு வழி செய்த பிறகு. அதற்கு முன், சித்திரையில் வெள்ளக்கோவில் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். மாட்டை ஓட்டிப்போக வேண்டாம். கிடாரியும் காளைக்கன்றும் என்ன விலை போகிறது என்று அவனே நாலு பேரிடம் கேட்டு வரட்டும்.