சாவி உங்கள் கையில் இருக்கட்டும்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் மாலைநேரத் தமிழ் வகுப்பு நடத்தும் சிறு அறக்கட்டளை எங்களுடையது. ஆறு கணினிகள். பராமரித்த தம்பி வெளிநாடு போய்விட்டார். கோயம்புத்தூரிலுள்ள ஒரு நிறுவனம் பராமரிப்புக்கு ஆண்டு ஒப்பந்தம் கேட்கிறது. கொடுக்கலாமா?
– அறக்கட்டளைச் செயலாளர்

பதில்: தாராளமாகக் கொடுங்கள் ஐயா. ஆறு கணினிக்குச் சம்பள ஆள் வைப்பது கட்டுப்படியாகாது. ஆனால் இணையதள முகவரியும் மின்னஞ்சலும் அறக்கட்டளையின் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். வேலந்தாவளத்தில் காய்கறி மண்டி நடத்திய என் அண்ணன், எல்லாவற்றையும் கணினி பார்த்தவரின் சொந்த மின்னஞ்சலில் பதியவிட்டார். அந்தக் கணினிக்காரர் கோபித்துக்கொண்டு போனதும் கடையின் இணையதள முகவரியும் பழைய கடிதங்களும் கூடவே போய்விட்டன. இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

பழுதென்றால் "உடனே வருவோம்" என்பதை ஏற்காதீர்கள். எத்தனை மணி நேரத்தில் என்று எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை, சேமித்த நகலிலிருந்து ஒரு கோப்பைக் கண்ணெதிரே மீட்டுக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அதில் இயங்கும் பழைய கணினிகள் இருந்தால் அவற்றை முதலில் கவனிக்கட்டும். மின்னஞ்சலுக்குத் தனிக் கட்டணம் கேட்டால் பொறுங்கள். தகுதியுள்ள தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுள் அதை இலவசமாகவே தருகிறது. பதிவுச் சான்றிதழுடன் நீங்களே விண்ணப்பியுங்கள்.