போனை உடைக்க வேண்டாம், ராத்தூக்கத்தைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, எட்டாம் வகுப்பு. ஆறு மாதமாக இரவு ஒரு மணி, இரண்டு மணி வரை ஃப்ரீ ஃபயர் ஆடுகிறான். காலையில் எழுப்பவே முடியவில்லை. போனைப் பிடுங்கினால் கதவை உதைக்கிறான். போன வாரம் சாப்பாட்டுத் தட்டை வீசினான். காலாண்டுத் தேர்வில் மூன்று பாடங்களில் ஃபெயில். போனை உடைத்துவிடுவேன் என்கிறார் அவன் அப்பா. இது மனநோயா? மருந்து உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

மருத்துவர் பதில்: முதலில் அவன் அப்பாவைத் தடுங்கள். இந்தப் போன் போனால் நண்பன் போனில் ஆடுவான். வீட்டில் மிச்சமிருக்கும் பேச்சும் நின்றுபோகும்.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில் 'கேமிங் டிஸார்டர்' (விளையாட்டுக்கு அடிமையாகும் கோளாறு) 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. எத்தனை மணி நேரம் ஆடுகிறான் என்பது அதில் அளவுகோல் இல்லை. நிறுத்த நினைத்தாலும் முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டே முக்கியமாகிவிடுவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது: இந்த மூன்றும் சேர்ந்து, படிப்பையோ உறவையோ கெடுக்கும் அளவில், பொதுவாக 12 மாதங்களாவது இருக்க வேண்டும். தீவிரமாக இருந்தால் அதற்கு முன்பே சொல்லலாம். உங்கள் மகனுக்கு அந்தப் பெயரை வைக்க நேரில் பார்த்தாக வேண்டும். உதவி தேவை என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

கோபத்தில் ஒரு பகுதிக்குக் காரணம், நீங்கள் பிடுங்கும் நேரம். நாலு பேர் குழுவாக ஆடும்போது நடுவில் போனைப் பறித்தால் அவன் ரேங்க் இறங்கும், கூட ஆடுபவர்கள் திட்டுவார்கள். ஒரு மேட்ச் பெரும்பாலும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். "இந்த மேட்ச் முடிஞ்சதும் போன் ஹாலுக்கு வந்துடணும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த மேட்ச் தொடங்கும் முன் வாங்குங்கள்.

பகலில் எவ்வளவு ஆடலாம் என்ற சண்டையை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். ராத்திரியைப் பிடியுங்கள். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவனுக்குக் கிடைப்பது அதில் பாதிதான். எரிச்சல், மறதி, வகுப்பில் கவனமின்மை எல்லாம் தூக்கமின்மையாலேயே வரும். இரண்டு மணிக்குத் தூங்குபவனைத் திடீரென்று பத்து மணிக்குப் படுக்கவைத்தால் புரண்டுகொண்டுதான் இருப்பான். எழும் நேரத்தை முதலில் நிலைநிறுத்துங்கள்: ஞாயிறு உட்பட தினமும் ஆறரை, பகல் தூக்கம் கிடையாது. படுக்கும் நேரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் முன்னால் கொண்டுவாருங்கள். சார்ஜர் ஹாலில் இருக்கட்டும். இரவில் அப்பா போனும் அங்கேதான். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பான், சாதாரண அலாரம் கடிகாரம் ஒன்று வாங்கிவிடுங்கள். வைஃபையை அணைத்தால் மொபைல் டேட்டாவில் ஆடுவான். பிள்ளைகளின் போனைப் பெற்றோர் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் செயலியில் இரவு நேரப் பூட்டு போடலாம், ஆனால் அவனிடம் சொல்லிவிட்டு. விளையாட்டுக்குள் செலவழிக்கும் 'டயமண்ட்' வாங்க உங்கள் யுபிஐ, கார்டிலிருந்து பணம் போயிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரம் முறைப்பான், கத்துவான். பெரும்பாலான வீடுகளில் இங்கேதான் கெட்டுப்போகிறது: மூன்று நாள் உறுதியாக இருந்துவிட்டு நாலாம் நாள் சத்தம் தாங்காமல் போனைக் கொடுத்துவிடுவார்கள். இன்னும் கொஞ்சம் கத்தினால் கிடைக்கும் என்று அவன் கற்றுக்கொள்கிறான். அப்பா மறுத்ததைப் பாட்டி கொடுத்தாலும் இதே கதைதான்.

இதற்கெல்லாம் முன்பே என்ன இருந்தது என்று யோசியுங்கள். சின்ன வகுப்பிலேயே ஓரிடத்தில் உட்கார மாட்டானா? வாசிக்கத் திணறினானா? பள்ளியில் யாராவது கேலி செய்கிறார்களா? முன்பு பிடித்த கிரிக்கெட்டும் இப்போது பிடிக்கவில்லையா? ஏடிஹெச்டி (கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும்), கற்றல் குறைபாடு, பதற்றம், மனச்சோர்வு இருக்கும் பிள்ளைகள் பலருக்கு, பாராட்டு கிடைக்கும் ஒரே இடம் கேம்தான். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மேட்ச் பாருங்கள், என்ன ரேங்க் என்று கேளுங்கள்.

கேமிங்குக்கென்று தனி மருந்து இல்லை. அடியில் ஏடிஹெச்டியோ மனச்சோர்வோ இருந்தால் அதற்குச் சிகிச்சை உண்டு. மற்றபடி எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் சிபிடி முறை, குடும்ப ஆலோசனை. உங்கள் ஊர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-இல் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னாலோ, தன்னையோ பிறரையோ காயப்படுத்த முயன்றாலோ அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள், தனியே விடாதீர்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஒரு வாரம் அவன் தூங்கிய, எழுந்த நேரங்களை எழுதி, எவ்வளவு நேரம் போன் பார்த்தான் என்று காட்டும், போன் செட்டிங்ஸில் உள்ள 'டிஜிட்டல் வெல்பீயிங்' கணக்கையும் கொண்டுபோங்கள். அவன் அப்பாவும் கூடப் போக வேண்டும்.