சுரண்டச் சுரண்ட முளைக்கும் கடற்சாமந்தி: வாசகர் கேள்விகள்

கடல்மீன் தொட்டியில் முருகைக்கல்லில் பழுப்பு நிறச் சாமந்தி ஒன்று நின்றது. கத்தியால் சுரண்டி எடுத்தேன். இப்போது கல் முழுக்கக் குட்டிகள். என்ன செய்ய? (கொக்குவில்)

அது ஐப்டேசியா என்ற கடற்சாமந்தி, பூப்போலத் தெரியும் ஒரு விலங்கு. ஒளி ஊடுருவும் பழுப்புத் தண்டு, நுனி கூர்ந்த நீளமான உணர்கொம்புகள், விரலைக் கிட்டக் கொண்டுபோனால் சட்டென்று பொந்துக்குள் போய்விடும். கொம்புகள் குட்டையாக, நுனி குமிழ்போலத் திரண்டிருந்தால் அது மஜானோ என்ற இன்னொரு சாமந்தி. வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதன் அடிப்பாதத்தில் இருந்து கழன்ற சின்னத் துணுக்கும் முழுச் சாமந்தியாக வளரும். சும்மா விட்டாலே நகரும் வழியில் துணுக்குகளை விட்டுவிட்டுத்தான் போகும். கத்தி அந்த வேலையைக் கெதியாகச் செய்து கொடுத்துவிட்டது. இனிச் சாமணம், பிரஷ் எதையும் கிட்டக் கொண்டுபோக வேண்டாம்.

நீற்றிய சுண்ணாம்பை, அதாவது கல்சியம் ஐதரொட்சைட்டை, தடித்த களியாகக் குழையுங்கள். பம்பிகளை நிறுத்துங்கள். சிரிஞ்சை மெதுவாகக் கொண்டுபோய், அது விரிந்திருக்கும்போதே வாய்த்தட்டை மூடும்படி களியை விடுங்கள். கால் மணித்தியாலம் கழித்துப் பம்பிகளைப் போடலாம். ஒரு நாளில் நாலைந்துக்கு மேல் வேண்டாம். சுண்ணாம்பு தண்ணீரின் பிஎச்சை, அதாவது காரத்தன்மையை, கிடுகிடுவென்று ஏற்றிவிடும். பக்கத்தில் பவளம் இருந்தால் அதன்மேல் படாமல் பாருங்கள். ஒளிந்திருந்தவை பிறகு தலைகாட்டும், அதனால் வாரம் ஒருமுறை கல்லை வடிவாகப் பாருங்கள். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்குக் கையுறையும் போடாமல் சுண்ணாம்பைத் தொடாதீர்கள்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு சரிவருமா? தேசிக்காய்ச் சாறு? (சுன்னாகம்)

வாசனையோ நிறமோ சேர்க்காத வெறும் சுண்ணாம்பென்றால் சரி. தேசிக்காய்ச் சாறும் கொல்லும், ஆனால் ஊசி தண்டுக்குள்ளேயே இறங்கவேண்டும். குத்து தவறினால் பொந்துக்குள் சுருண்டு தப்பிவிடும். எனக்குச் சுண்ணாம்பில்தான் நம்பிக்கை.

பெப்பர்மின்ட் இறால் விட்டால் எல்லாவற்றையும் தின்றுவிடுமாமே? (பருத்தித்துறை)

தின்னும், எல்லா இறாலும் தின்னாது. மற்றத் தீனி தாராளமாகக் கிடைத்தால் சாமந்தியைத் திரும்பியும் பார்க்காது. வாங்கும்போது கவனம்: முதுகு கூனிய, வெள்ளைக் கோடுகள் பளிச்சென்று தெரியும் ஒட்டக இறாலையும் அதே பெயரில் விற்கிறார்கள். அது பவளப் பூக்களைத் தின்னும். நீள்மூக்குள்ள கொப்பர்பாண்ட் வண்ணத்தி மீன் நல்ல வேட்டைக்காரன், ஆனால் தீனி எடுக்கப் பழக்குவது கஷ்டம். புதிதாகத் தொட்டி வைத்தவருக்குச் சொல்லமாட்டேன். பெர்கியா என்ற கடல் நத்தை ஐப்டேசியாவை மட்டுமே தின்னும். அது தீர்ந்தால் நத்தைக்குப் பட்டினிதான்.

கோமாளி மீன் இதற்குள் குடியிருக்குமா? (நல்லூர்)

அதை நம்பி வளர்க்காதீர்கள். கோமாளி மீன் வழக்கமாகச் சேர்வது வேறு பெரிய சாமந்திகளோடு.

கல்லைக் கொதிதண்ணியில் போட்டு அவித்தால்? (மானிப்பாய்)

வேண்டவே வேண்டாம். கல்லில் சோவாந்திட் என்ற, பவளத்துக்கும் சாமந்திக்கும் உறவான உயிரி ஒட்டியிருந்தால் அவிக்கும் ஆவியில் பலிடொக்சின் நஞ்சு கிளம்பலாம். இப்படிக் கல்லை அவித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் வெளிநாடுகளில் இருக்கிறார்கள். அதோடு கல்லில் இருக்கும் நல்ல பக்ரீரியாக்களும் செத்துவிடும்.

ஆவியாகிப் போகும் தண்ணீருக்குப் பதிலாகக் கிணற்றுத் தண்ணி ஊற்றுகிறேன். கொன்றாலும் கொன்றாலும் வருகிறது. (உரும்பிராய்)

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் கிணற்றுக்கு இறங்குகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொன்ன லீட்டருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரம்பைத் தாண்டிய கிணறுகள் இங்கே பல இருக்கின்றன. தண்ணீர் ஆவியாகும், நைத்திரேற்று போகாது. ஒவ்வொரு வாளியோடும் கூடும். ஐப்டேசியாவின் உடம்புக்குள் வாழும் பாசிக்கு அது உரம். கொதிக்க வைத்தாலும் குறையாது. ஆர்ஓ தண்ணி, அதாவது சவ்வு வடிகட்டியில் உப்புகளை நீக்கிய தண்ணி, மட்டும் ஊற்றுங்கள். தீனியையும் குறையுங்கள், மீன் இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும்.

கைவிட்டுப்போன கல்லைக் கடலிலேயே போட்டுவிடலாமா? (குருநகர்)

கூடாது. கடைத்தொட்டியில் இருந்து வந்த சாமந்தி எந்தக் கடலுடையதென்று தெரியாது. அதோடு சேர்ந்து வேறு நோயும் போகலாம். கல்லை முற்றத்து வெயிலில் வாரக்கணக்காகக் காயவிடுங்கள். கழுவிய தண்ணியையும் வாய்க்காலில் ஊற்றாமல் மண்ணில் ஊற்றுங்கள், ஆனால் வாழைக்குக் கிட்ட வேண்டாம், உப்பு.